அப்பாவின் பழைய எம்பி3 பிளேயரில் விடிய விடியக் கூத்தைப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி இது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அப்பா 2007 வாக்கில் வாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் எம்பி3 பிளேயர் ஒன்று பீரோவில் கிடைத்திருக்கிறது. முதுகில் 2 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறது. பாட்டு கேட்கலாம், பேச்சைப் பதிவு செய்யலாம், பென் டிரைவ் போலக் கோப்புகளும் வைக்கலாம் என்று அதன் அட்டைப்பெட்டி சொல்கிறது. இப்போது இல்லாத பாட்டியின் குரல் அதில் இருக்கலாம் என்று அம்மா நினைக்கிறார். ஆனால் சார்ஜ் நிற்கவில்லை. வரும் சித்திரையில் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம், இரவில் கூத்து. கூத்தை இந்தப் பிளேயரிலேயே பதிவு செய்யலாமா, புதிதாக வாங்க வேண்டுமா, கைபேசியே போதுமா?

தம்பி, கூத்து சித்திரையில்தான்; அதற்கு நாள் இருக்கிறது. அந்தப் பிளேயருக்கு நாள் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. ஆகவே நீங்கள் கடைசியாகக் கேட்டதை நான் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் பாட்டியின் குரல்.

தருமபுரியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்தவன் நான். கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தேன், பிறகு சிடி எழுதினேன், பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றினேன், கடைசியில் கைபேசிப் பழுது பார்த்தேன். நாற்காலி ஒன்றுதான், தொழில்தான் மாறிக்கொண்டே இருந்தது. உங்களுடையதைப் போன்ற பிளேயர்கள் நூற்றுக்கணக்கில் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் கொன்றது வயது அல்ல, அவசரம்.

பிளேயரைத் திருப்பிப் பாருங்கள். சுண்டுவிரல் பருமனுள்ள பேட்டரி போடும் மூடி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். பழைய பேட்டரியில் இருந்து கசிந்த காரம் அது. காது குடையும் பஞ்சுக்குச்சியை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதிய பேட்டரி போடுங்கள். மூடியே இல்லாமல் உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து அடைத்த வகை என்றால், உடல் எங்காவது உப்பியிருக்கிறதா, திரை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். உப்பவில்லை என்றால் கணினியில் செருகி அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். முழுதாக வற்றிப்போன பேட்டரி உள்ளவை சில உடனே எழுந்திருக்காது. பேட்டரி செத்தே போயிருந்தாலும் யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்திலேயே விழித்துக்கொள்பவையும் நிறைய உண்டு.

கேபிள் ஒரு தலைவலி. அந்தக் காலத்துப் பிளேயர்களில் பெரும்பாலும் மினி யுஎஸ்பி துளை இருக்கும். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் கைபேசிக்கான மைக்ரோ கேபிளை எடுத்துக் கொடுப்பார்கள். பழைய டிஜிட்டல் கேமராவுக்குப் போடும் கேபிள் என்று கேளுங்கள், கிடைத்துவிடும். சில மலிவான பிளேயர்களில் தனித் துளையே இருக்காது, ஹெட்போன் மாட்டும் துளையிலேயே கணினி வயரையும் செருக வேண்டும். அப்படியென்றால் அதனோடு வந்த வயர்தான் வேண்டும். பீரோவை இன்னொரு முறை துழாவுங்கள்.

கணினி அதை ஒரு டிரைவாகக் காட்டியதும், ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால், எதையும் திறந்து கேட்டுப் பார்க்காமல், இடம் போதவில்லை என்று எதையும் அழிக்காமல், உள்ளே இருப்பது முழுவதையும் முதலில் கணினிக்கு நகலெடுங்கள். ரெக்கார்ட், வாய்ஸ், மைக் என்ற பெயர்களில் ஏதாவது ஒரு உறை (ஃபோல்டர்) இருக்கும். பேச்சுப் பதிவு அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். எஃப்எம் என்று ஒரு உறை இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அந்த நாளில் தருமபுரி பண்பலையில் வரும் பாட்டுகளையும் நேயர் நிகழ்ச்சிகளையும் இப்படிப் பிடித்து வைத்தவர்கள் பலர். ஹெட்போன் வயர்தான் அதற்கு ஏரியல் என்பதால், காதில் மாட்டிக்கொண்டு திண்ணையில் ஆடாமல் உட்கார்ந்திருப்பார்கள். யார் கண்டது, அப்பாவும் அப்படி உட்கார்ந்திருக்கலாம்.

கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் ஒரு எச்சரிக்கை. “சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லும் கடையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். சொல்வது உண்மைதான், சாஃப்ட்வேர் ஏற்றினால் பிளேயர் பல நேரம் உயிர் பெற்றுவிடும். ஆனால் இந்த வகைப் பிளேயர்களில் அந்த வேலை பெரும்பாலும் நினைவகத்தை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் நடக்கும். பிளேயர் பிழைக்கும், பாட்டி போய்விடுவார். நானே தொடக்கத்தில், வாடிக்கையாளர் கேட்காததால் நானும் கேட்காமல், இதைச் செய்திருக்கிறேன். அதன்பிறகு “உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கிறதா” என்று கேட்காமல் எந்தக் கருவியையும் தொட்டதில்லை.

இத்தனை அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிளேயரின் மெமரி சில்லில் பாட்டு என்பது மிக நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். ஆண்டுக்கணக்கில் மின்சாரமே படாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். பத்து ஆண்டு தாங்கும் என்பதுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் கணக்கு. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. நம் ஊர் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களின் வட்டெழுத்தை ஆயிரம் ஆண்டு கழித்தும் உட்கார்ந்து படிக்கிறார்கள். மெமரி சில்லு அந்த இனம் அல்ல.

எடுத்த கோப்புகளின் பெயர் எந்த எழுத்துகளில் முடிகிறது என்று பாருங்கள். எம்பி3 என்றோ வேவ் என்றோ முடிந்தால் எந்தக் கருவியிலும் ஓடும். ‘ஏசிடி’ என்று முடிந்தால் கணினி முழிக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். ஆக்‌ஷன்ஸ் என்ற சீன நிறுவனத்தின் சில்லைப் போட்டு வந்த மலிவான பிளேயர்கள் பேச்சைப் பதிவு செய்யத் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட வடிவம் அது. பெட்டியோடு வந்த குறுந்தட்டில் அதை மாற்றுவதற்கு ஒரு நிரல் இருக்கும். அந்தத் தட்டை எந்த வீட்டிலும் பத்திரமாக வைத்ததில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல் அதைப் படித்து வேவ் ஆக மாற்றிக் கொடுக்கும்.

அந்தப் பதிவைக் கேட்கும்போது ஏமாந்துபோகாதீர்கள். பாட்டி தொலைபேசியில் பேசுவது போலத்தான் இருக்கும். அந்தப் பிளேயர்கள் பேச்சைப் பதியும்போது ஒலியை விநாடிக்கு 8000 முறை அளந்து எழுதுவதே வழக்கம். அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரையிலான ஒலிதான் உள்ளே வரும் என்பது கணக்கு. ஆக 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதுவும் அதில் கிடையாது. பேச்சு புரிவதற்கு அது போதும். குரலின் மேல்பூச்சும் மூச்சும் தாளத்தின் கணகணப்பும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. சிடிக்கு இந்த எண் 44,100. இல்லாததை எந்த நிரலாலும் கொண்டுவர முடியாது. செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்கித் தருகிறோம் என்பார்கள். செய்து பாருங்கள், மூலக் கோப்பைத் தொடாமல். அது கூட்டும் மெருகு பாட்டியுடையது அல்ல, யாரோ ஒருவருடையது.

இனி, அதிலேயே கூத்தைப் பதிவு செய்யலாமா என்ற கேள்வி. வேண்டாம்.

பாட்டு கேட்பது, கோப்பு வைப்பது, ஒலி பதிவது மூன்றும் ஒரே பெட்டியில் என்பதைக் கேட்டால் ஆடு மேய்த்தது போலவும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியின் தொழில் பாட்டு கேட்பது. கோப்பு வைப்பது அதற்கு இயல்பாகவே வரும். பாட்டே ஒரு கோப்புதானே. பதிவு செய்வது மட்டும் விற்பனைக்காக ஓரத்தில் ஒட்டிய வேலை. எம்பி3 கோப்பைப் பிரித்துப் பாடுவது ஒரு சிறு சில்லுக்கு எளிய காரியம். ஒலியைக் கேட்கும்போதே அதில் எதைக் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு, அதை நீக்கி, எம்பி3 ஆகச் சுருக்குவது அதைவிடப் பல மடங்கு உழைப்பு. போதாக்குறைக்கு, எம்பி3க்கு உரிமம் வழங்கி வந்த ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனம் 2017இல் அந்தத் திட்டத்தை நிறுத்திக்கொள்ளும்வரை தயாரிப்பாளர்கள் அதற்குக் காசும் கொடுக்க வேண்டியிருந்தது. மலிவுப் பிளேயர் செய்தவர் ஏன் மெனக்கெடுவார்? ஒரு குண்டூசித் துளை, அதற்குப் பின்னால் ஒரு சின்ன மைக், தொலைபேசித் தரம். முடிந்தது.

இந்தக் கருவி கேட்பதற்கா பதிவதற்கா என்ற கேள்வி அது பிறந்தபோதே நீதிமன்றம் ஏறியது. 1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனத்தின் ரியோ வந்தது. 32 எம்பி நினைவகம், அரைமணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். அதற்கே பயந்துபோன அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம், இது பதிவுக் கருவி, 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இதில் நகலெடுப்புக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கணினியின் வட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் இந்தப் பெட்டி அந்தச் சட்டம் சொல்லும் பதிவுக் கருவியே அல்ல என்று தீர்த்தது. 2001இல் ஐபாட் வந்தபோதும் அதில் மைக் இல்லை. பேச்சைப் பதிய வேண்டுமென்றால் பின்னாளில் வந்த பல மாடல்களில் தனியாக ஒரு மைக்கை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. இப்போது கடைக்கு வரும் விலை உயர்ந்த பிளேயர்களிலும் பெரும்பாலானவை கேட்பதற்கு மட்டும்தான்.

பதிவையும் உண்மையாகவே செய்த பிளேயர்கள் இல்லாமல் இல்லை. 2002இல் வந்த ஆர்க்கோஸ் ஜூக்பாக்ஸ் ரெக்கார்டர் நேரடியாக எம்பி3 ஆகவே பதிவு செய்தது. 2003 வாக்கில் வந்த ஐரிவர் எச்120, எச்140 இரண்டும் அசல். 20 ஜிபி, 40 ஜிபி வட்டு, வெளி மைக் போட வழி, ஒளியிழை வழியாகவும் ஒலி வாங்கும் வசதி, சுருக்காத வேவ் பதிவு. ஐரிவர் ஒன்று ஓசூரிலிருந்து பழுதுக்கு வந்தபோது அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. அதற்கும் ஒரு குறை இருந்தது. உள்ளே சுழலும் சின்ன வட்டு இருக்கிறதல்லவா, அது சேர்த்துவைத்த ஒலியை அவ்வப்போது எழுத எழுந்திருக்கும். அப்போது உள் மைக்கில் பதிந்தால் விர்ரென்ற சத்தமும் கூடவே பதியும். வெளியே வயர் போட்டு மைக் வைத்தால்தான் தப்பலாம். இன்று அவற்றைத் தேடி வாங்குவது பொழுதுபோக்கு. கூத்துப் பதிவுக்கு அது வழியல்ல.

நான் ஏன் இத்தனை உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2009 என்று நினைவு. பென்னாகரம் பக்கத்தில் ஒரு கூத்து. என்னிடம் இருந்த பிளேயரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களுடையதற்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்தரைக்குப் பொத்தானை அழுத்திவிட்டுப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டேன். துகில் உரிதல். பாஞ்சாலி வேடம் கட்டியவர் அழுத அழுகையில் முன்வரிசைக் கிழவிகள் எல்லாரும் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டார்கள். விடியற்காலை போய்ப் பார்த்தால் பிளேயர் அணைந்து கிடக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் செருகினேன். கோப்பு இருக்கிறது. அளவு: பூஜ்யம்.

நடந்தது என்னவென்றால், இந்தக் கருவிகள் ஒலியைத் துண்டு துண்டாக நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். ஆனால் அந்தத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு, அதன் நீளம் இவ்வளவு என்று பேரேட்டில் எழுதுவது நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான். அதற்கு முன் பேட்டரி தீர்ந்தால் சரக்கு கிடங்கில் இருக்கும், கணக்கில் இருக்காது. அன்று எனக்கு இது தெரியாது. ‘சரி, பதியவே இல்லை’ என்று எண்ணி அதிலேயே பாட்டு ஏற்றிவிட்டேன். மேலே எழுதியதும் கீழே இருந்தது போனது. இப்படி நேர்ந்தால் அந்த நினைவகத்தில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக்கூடாது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு நிரல் கொண்டு துழாவினால் பல நேரம் துண்டுகள் கிடைக்கும். தலைப்பகுதி இல்லாத வேவ் கோப்பைக்கூட ஆடாசிட்டி நிரலில் கச்சாத் தரவாக இறக்குமதி செய்து கேட்க முடியும். கைபேசியும் இதில் யோக்கியன் அல்ல. பல கைபேசிகள் எழுதும் எம்4ஏ கோப்பில், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். பதிவின் நடுவே கைபேசி செத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் எந்த நிரலும் திறக்காத ஒரு கட்டி.

எனவே வாங்குவதென்றால் பதிவையே தொழிலாகக் கொண்ட கருவி ஒன்றை வாங்குங்கள். ஜூம், டாஸ்காம், சோனி ஆகியோர் செய்பவற்றில் அடிமட்ட மாடலே உங்களுக்குப் போதும். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்: சுருக்காத வேவ் வடிவத்தில் பதிய வேண்டும், மெமரி கார்டு போட இடம் வேண்டும், தானியங்கி ஒலி அளவை அணைக்க வழி வேண்டும். கடைசி விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள், கூத்துக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. தானியங்கியில் விட்டால் கருவி என்ன செய்யும் தெரியுமா? பாடுபவர் மூச்சு வாங்கும் நேரத்தில் ‘சத்தமே இல்லையே’ என்று தன் காதைத் தீட்டிக்கொண்டு பந்தலில் உள்ள பூச்சிச் சத்தத்தையும் கடலை விற்பவர் குரலையும் பெரிதாக்கும். அடுத்து மத்தளத்தில் ஓர் அடி விழுந்ததும் பதறி எல்லாவற்றையும் அமுக்கும். கேட்டால் கூத்து முழுவதும் இரைப்பு நோய்க்காரர் மூச்சு போல ஏறி இறங்கும்.

அளவைக் கையால் வைப்பதற்குக் கூத்தே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. தொடக்கத்தில் களரி கட்டுவார்கள் அல்லவா, எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்கும் அந்த நேரத்தில் கருவியில் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டுத் திரும்பும்படி வைத்துவிட்டால் போதும். இதுவும் தொல்லை என்றால், 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதியும் கருவிகள் இப்போது எளிய விலை வரிசைக்கும் வந்துவிட்டன. 2024இல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் அப்படிப்பட்டது. அதில் அளவு வைக்கும் வேலையே இல்லை. மெலிந்து பதிந்ததையும் ஓங்கிப் பதிந்ததையும் பிறகு கணினியில் சரி செய்துகொள்ளலாம். அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றுதான், கோப்பு இரண்டு மடங்கு பெரிதாகும்.

இடக் கணக்கு சுலபம். சுருக்காத வேவ், சிடி தரத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை எட்டு மணி நேரம் என்றால் 5 ஜிபி சொச்சம். உங்கள் 2 ஜிபி பிளேயரில் நிறைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கொள்ளாது. 32 ஜிபி கார்டு ஒன்றில் ஆறு இரவுகள் அடங்கும். ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் கருவி தானாகவே அங்கங்கே வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும், கலவரப்பட வேண்டாம். ஆனாலும் நீங்களாகவே ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். என் பூஜ்யக் கோப்பின் பாடம் அது. ஏதாவது ஆனாலும் ஒரு கட்டம்தான் போகும், ஓர் இரவு போகாது.

கார்டைத் தெரிந்த கடையில், பில் போட்டு வாங்குங்கள். முன்பு ‘8 ஜிபி எம்பி4 பிளேயர்’ என்று தெருவில் விற்றார்களே, அதில் பலவற்றின் உள்ளே இருந்தது 1 ஜிபி. கணினி கேட்டால் 8 என்று பொய் சொல்லும்படி உள்ளே மாற்றிவைத்திருந்தார்கள். முதல் ஜிபி வரை பாட்டெல்லாம் ஒழுங்காக ஓடும். அதற்கு மேல் ஏற்றியதெல்லாம் பெயர் மட்டும் தெரியும், திறந்தால் வெறுங்காற்று. அதே தில்லுமுல்லு இப்போது மெமரி கார்டில் நடக்கிறது. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

கைபேசி போதுமா என்றும் கேட்டீர்கள். அம்மா பாடும் தாலாட்டையும் பக்கத்து வீட்டு ஆயாவின் ஒப்பாரியையும் பதிவதற்குத் தாராளமாகப் போதும். அதைச் சித்திரை வரை தள்ளிப் போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மடித்த துண்டின் மேல் ஒரு முழ தூரத்தில் வையுங்கள். விடிய விடியக் கூத்துக்கு அது ஆகாது. இரைச்சலை நீக்குகிறேன் என்று பல கைபேசிகள் பேச்சு அல்லாததை எல்லாம் அழுக்காக நினைத்துத் துடைக்கப் பார்க்கும். நாதசுரம் போன்ற சிறிய ஊதுகருவியான முகவீணையும் தாளமும் அதற்கு அழுக்குதான்.

களத்தில் கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பார்கள். காதுக்குக் கேட்கும், பதிவில் தகரத்தைத் தட்டியது போல இருக்கும். ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சில் ஆர்மோனியப் பெட்டி, மத்தளம், தாளம், முகவீணை, பின்பாட்டு என்று உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆறேழு அடி தள்ளி, பக்கவாட்டில், பந்தல் காலில் ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டால் காலால் தாளம் போடும் அதிர்வு முழுதும் பதியும். பந்தல் காலுக்கும் கருவிக்கும் நடுவில் மடித்த துண்டு. காற்றுக்கு நுரைத் தொப்பி, இல்லையென்றால் மெல்லிய பருத்திக் காலுறை ஒன்று. கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியக்காரன் மட்டும் எங்கே இருப்பான் என்று சொல்ல முடியாது, கூட்டத்துக்குள்ளும் புகுந்துவிடுவான். அவன் குரல் தூரத்தில் போய் வருவதும் கூத்துதான், விட்டுவிடுங்கள்.

அர்ச்சுனன் தபசு அன்று மட்டும் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். அன்று அர்ச்சுனன் வேடக்காரர் கம்பத்தில் ஏறி அதன் உச்சியில் இருந்து பாடுவார், அந்தக் குரல் கீழே கட்டிய கருவிக்கு எட்டாது. மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஆம்ப்ளிஃபயரின் லைன் அவுட்டில் இருந்து ஒரு வயர் எடுங்கள். அதை மைக் துளையில் அப்படியே செருகினால் ஒலி கிழியும், ஏனென்றால் மைக்கைவிடப் பல மடங்கு ஓங்கிய மின்குறி அதில் வருகிறது. கருவியில் ‘லைன்’ என்று மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஒலியைக் குறைத்துத் தரும் கேபிள் கேட்டு வாங்குங்கள். அப்போது கருவியைப் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். அதே மின் இணைப்பில் சார்ஜரும் மாட்டினால் ‘ம்ம்ம்’ என்ற முனகல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மற்ற நாள்களுக்குப் பவர் பேங்க் மாட்டலாம். அதிலும் ஒரு பொறி உண்டு. பதிவுக் கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ‘யாரும் சார்ஜ் போடவில்லை’ என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துகொள்ளும். வீட்டிலேயே ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். கருவிக்குள் எப்போதும் நல்ல பேட்டரியும் இருக்கட்டும்.

பொத்தானை அழுத்தியதும் முதல் வார்த்தை நீங்கள் பேசுங்கள். தேதி, ஊர், எந்த நாள் கூத்து, எந்த ஜமா (கூத்துக் குழு), வாத்தியார் யார், யாருக்கு என்ன வேடம். கோப்பின் பெயர் மாறிப்போகும், பேட்டரி கழற்றியதும் கருவியின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும், குரலில் சொன்னது மட்டும் பதிவை விட்டுப் பிரியாது. அதற்கும் முன்னால், கூத்து வாத்தியாரிடம் வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்டு அனுமதி வாங்குங்கள். அது அவர்கள் பிழைப்பு. இணையத்தில் போடுவதென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். ஒரு பிரதியை அவர்களுக்குக் கொடுங்கள், பென் டிரைவில். நான் கொடுத்த ஒன்றை வைத்து ஒரு பையன் கர்ணன் பாட்டைப் பாடம் பண்ணினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் தூங்குவதற்கு முன் கார்டில் இருப்பதைக் கணினிக்கும் ஒரு வெளி வட்டுக்கும் ஏற்றிவிடுங்கள். படுகளம் முடிந்து தீமிதியும் ஆன பிறகு மொத்தத்தையும் இன்னொரு வட்டில் போட்டு வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். வேவ் கோப்புகள்தான் மூலம். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 ஆக்குங்கள், மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இப்போதைக்கு அந்தக் கேமரா கேபிளைத் தேடுங்கள். பிளேயர் விழித்துக்கொண்டதும் உள்ளே என்னென்ன உறைகள் இருக்கின்றன, கோப்புகளின் பெயர் எப்படி முடிகிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். ஏசிடி என்று இருந்தால் ஒரு கோப்பை அனுப்புங்கள், மாற்றிக் காட்டுகிறேன். மீதியை எப்படிச் செய்வது என்று அம்மாவுக்கும் புரியும்படி எழுதித் தருகிறேன்.